ட்ரூயிட் நெறியைப் புத்தகம் வழியாகக் கற்க: எதை எடுப்பது, எதை விடுவது

பழங்கால ட்ரூயிட்கள் எழுதி வைத்த புத்தகம் என்று உலகில் ஒன்றுகூட இல்லை. அதற்கான காரணத்தை ஜூலியஸ் சீசரே சொல்லியிருக்கிறார். கணக்கு வழக்குக்கு அவர்கள் கிரேக்க எழுத்தைப் பயன்படுத்தினார்கள். தங்கள் ஞானத்தை மட்டும் எழுத்தில் ஏற்றுவது தகாது என்று நினைத்தார்கள். சிலர் இருபது ஆண்டுகள் வரை இருந்து செய்யுள்களை மனப்பாடம் செய்தார்களாம். பிரிட்டன், அயர்லாந்து, இன்றைய பிரான்ஸ் பகுதிகளில் வாழ்ந்த கெல்டிக் மக்களின் பூசாரிகளாகவும் நீதிபதிகளாகவும் ஆசிரியர்களாகவும் இருந்தவர்கள் இந்த ட்ரூயிட்கள்.

ஆனால் இணையக் கடையில் ‘ட்ரூயிட்’ என்று தட்டிப் பாருங்கள், புத்தகங்கள் வந்து குவியும். அவற்றை எழுதியவர்கள் ஐந்து வகை. ட்ரூயிட்களை அடக்கிய ரோமானியர்கள் ஒரு வகை. பழங்கதைகளை ஏட்டில் ஏற்றிய கிறிஸ்தவத் துறவிகள் இன்னொரு வகை. அப்புறம் பதினெட்டாம் நூற்றாண்டில் கற்பனை கலந்து இட்டுக்கட்டியவர்கள், இதையெல்லாம் சலித்துப் பார்த்த வரலாற்றாசிரியர்கள், கடைசியாக இன்றைக்கு அந்த நெறியில் வாழ்கிறவர்கள். கையில் இருப்பது இந்த ஐந்தில் எது என்று தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இந்த வழிகாட்டி முழுவதும் அதைக் கண்டுபிடிப்பதைப் பற்றித்தான்.

முதல் படி: எதற்காகப் படிக்கிறீர்கள்?

வரலாறு தெரிய வேண்டுமா, கதைகள் வேண்டுமா, அல்லது தினப்படி வழிபாடு, தியானம் என்று கடைப்பிடிக்க ஒரு முறை வேண்டுமா? மூன்றுக்கும் மூன்று வேறு அலமாரிகள். கடைப்பிடிக்கத்தான் வேண்டும் என்பவர்களும் வரலாற்றுப் புத்தகம் ஒன்றையாவது முதலில் படித்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் 1790களில் உருவான சடங்கை மூவாயிரம் ஆண்டுப் பழமை என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். என்றாவது ஒருநாள் உண்மை தெரியும்போது முழு நெறியின் மீதே வெறுப்பு வந்துவிடும். அப்படி விலகிப் போனவர்கள் உண்டு.

இரண்டாம் படி: வரலாற்றாசிரியரிடம் தொடங்குங்கள்

ஒரே ஒரு சின்னப் புத்தகம் போதும் என்றால், ஆக்ஸ்ஃபோர்டின் ‘வெரி ஷார்ட் இன்ட்ரடக்‌ஷன்’ வரிசையில் தொல்லியல் அறிஞர் பேரி கன்லிஃப் 2010இல் எழுதிய ‘ட்ரூயிட்ஸ்’. பயணத்தில் படித்து முடித்துவிடலாம். எது அகழாய்வில் கிடைத்தது, எது கேள்விப்பட்ட கதை என்று பிரித்துக் காட்டுவார்.

அடுத்து ரொனால்ட் ஹட்டன். பிரிஸ்டல் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1953இல் நம் ஊட்டியில் பிறந்தவர் என்பது கூடுதல் தகவல். ட்ரூயிட்கள் பற்றி இரண்டு நூல்கள் எழுதியிருக்கிறார். 2007இல் வந்த ‘தி ட்ரூயிட்ஸ்’ சிறியது, வேகமாகப் போகும். 2009இல் வந்த ‘பிளட் அண்ட் மிசில்டோ’ கனமானது. பண்டைய சாட்சியங்களில் தொடங்கி நம் காலம் வரை வருகிறது. ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு வேண்டிய ட்ரூயிடைத் தானே செய்துகொண்டது என்பதுதான் ஹட்டனின் வாதம். தேசபக்தர்களுக்கு வீர ட்ரூயிட், பாதிரியார்களுக்கு ரத்தவெறி பிடித்த ட்ரூயிட், சூழலியல்வாதிகளுக்கு மரம் காக்கும் ட்ரூயிட். பழைய ட்ரூயிட்கள் பற்றி உறுதியாகச் சொல்ல முடிந்தது மிகக் கொஞ்சம் என்பதில் அவர் கறாரானவர்.

அவரை மட்டும் படித்தால் ஒருபக்கமாகிவிடும். மிராண்டா ஆல்ட்ஹவுஸ்-கிரீன் 2010இல் எழுதிய ‘சீசர்ஸ் ட்ரூயிட்ஸ்’ நூலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தொல்லியல் சான்றுகளை வைத்து ட்ரூயிட்கள் பற்றி இன்னும் கொஞ்சம் துணிந்து பேசலாம் என்று நினைப்பவர் அவர்.

இந்தக் கருத்து வேறுபாடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உடலே சாட்சி. 1984இல் இங்கிலாந்தின் செஷயர் பகுதியில், சதுப்பு நிலத்தில் கரி வெட்டும்போது, தோல்கூடக் கெடாத ஓர் ஆணின் உடல் கிடைத்தது. லிண்டோ மனிதர் என்று பெயரிட்டு பிரிட்டிஷ் மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். தலையில் அடி, கழுத்தில் நரம்புக் கயிறு. குடலில் மிசில்டோ செடியின் மகரந்தத் துகள்கள் சில. நம்மூர் மாமரத்தில் தொற்றி வளரும் புல்லுருவியைப் போன்ற ஒட்டுண்ணிதான் மிசில்டோ. ட்ரூயிட்கள் அதைப் புனிதமாகக் கருதினார்கள் என்று ரோமானியர் ஒருவர் எழுதியிருக்கிறார். போதாதா? 1989இல் இவரை ‘ட்ரூயிட் இளவரசர்’ ஆக்கி ஒரு முழுப் புத்தகமே வந்துவிட்டது. ஹட்டனோ, விரல்விட்டு எண்ணக்கூடிய மகரந்தத் துகள்கள் காற்றிலோ உணவிலோ தற்செயலாக வந்திருக்கலாமே என்று கேட்கிறார். இந்த மாதிரிச் சண்டைகளை இரண்டு பக்கமும் படிப்பதுதான் வரலாறு படிப்பதில் உள்ள சுவையே.

மூன்றாம் படி: பழைய சாட்சிகளை நீங்களே படியுங்கள்

பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அப்படித் தாண்ட வேண்டிய தேவையே இல்லை, முக்கியமான பகுதிகளை ஒரு மதியத்துக்குள் படித்து முடிக்கலாம். எல்லாம் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் இணையத்தில் இலவசம்.

சீசரின் காலிக் போர்க் குறிப்புகளில் (கால் என்பது இன்றைய பிரான்ஸ் பகுதி) ஆறாம் புத்தகம், 13 முதல் 18 வரையான பகுதிகள். ஆன்மா ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குப் போகும் என்று ட்ரூயிட்கள் கற்பித்ததாக இங்கேதான் வருகிறது. பிரம்பால் முடைந்த ராட்சத உருவத்துக்குள் மனிதர்களை அடைத்து எரித்தார்கள் என்பதும் இங்கேதான். படிக்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது: இதை எழுதியவர் அந்த நாட்டைப் பிடித்துக்கொண்டிருந்த தளபதி. எதிரியைக் காட்டுமிராண்டியாகக் காட்டினால் அவருக்கு லாபம்.

அடுத்து ரோமானிய அறிஞர் மூத்த பிளினியின் இயற்கை வரலாறு, பதினாறாம் புத்தகத்தின் கடைசிப் பகுதி. வெள்ளை உடுத்திய ட்ரூயிட் ஓக் மரத்தில் ஏறுகிறார். தங்க அரிவாளால் மிசில்டோவை அறுக்கிறார். கீழே வெள்ளைத் துணியில் ஏந்துகிறார்கள். இரண்டு வெள்ளைக் காளைகளைப் பலி கொடுக்கிறார்கள். நாள், பிறை தோன்றிய ஆறாம் நாள். காமிக்ஸிலும் சினிமாவிலும் வாழ்த்து அட்டையிலும் பார்க்கும் வெள்ளங்கி, தங்க அரிவாள் எல்லாவற்றுக்கும் இந்த ஒற்றைப் பத்திதான் மூலம். தங்கம் மெத்தென்ற உலோகம், அதனால் கிளையை அறுக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். முலாம் பூசிய வெண்கலமாக இருக்கலாம் என்று சிலர் ஊகிக்கிறார்கள்.

மூன்றாவது ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், ‘அன்னல்ஸ்’ பதினான்காம் புத்தகம். வேல்ஸ் கரையோரமுள்ள ஆங்கில்சி தீவை கி.பி. 60 வாக்கில் ரோமப் படை தாக்குகிறது. கரையில் கறுப்பு உடையில் தலைவிரி கோலமாகப் பெண்கள் தீப்பந்தம் ஏந்தி ஓடுகிறார்கள். ட்ரூயிட்கள் கைகளை வானுக்கு உயர்த்திச் சாபம் இடுகிறார்கள். வீரர்கள் ஒரு கணம் மலைத்து நிற்கிறார்கள். டாசிட்டஸின் மாமனார் அக்ரிகோலா அந்தக் காலத்தில் பிரிட்டன் படையில் இருந்தவர் என்பதால், இந்தக் காட்சிக்குக் கொஞ்சம் மதிப்புக் கொடுக்கலாம்.

நான்காம் படி: கதைகள்

வேல்ஸின் ‘மாபினோகியன்’ கதைகள், அயர்லாந்தின் ‘டாய்ன்’ காவியம். இரண்டையும் இன்றைய ட்ரூயிட்கள் கிட்டத்தட்ட மறைநூல் போல வைத்திருக்கிறார்கள். மாபினோகியனுக்கு ஷோன்ட் டேவிஸின் 2007 மொழிபெயர்ப்பை எடுங்கள். வாய்மொழிக் கதையின் ஓட்டம் அதில் இருக்கிறது. டாய்னுக்கு தாமஸ் கின்செல்லா, 1969. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சார்லட் கெஸ்ட் சீமாட்டி செய்த மாபினோகியன் இலவசமாகக் கிடைக்கிறது. நடை பழசு, ஆனால் புதிய பதிப்புகள் விட்டுவிடும் தலியெசின் கதை அதில் உண்டு. ஞானப் பானை, அதைக் காய்ச்சும் கெரிட்வென், மூன்று துளி வாயில் பட்டு எல்லாம் தெரிந்துவிடும் சிறுவன்: கடைப்பிடிக்க நினைப்பவர்கள் தவறாமல் படிக்க வேண்டிய கதை.

இவற்றை ஏட்டில் எழுதியவர்கள் கிறிஸ்தவர்கள். வெல்ஷ் தொகுப்பின் முக்கியச் சுவடிகள் பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆகவே கதையில் வரும் ஒவ்வொரு மாயாவியும் பழைய தெய்வம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அயர்லாந்துத் தெய்வங்கள் விஷயத்தில் இந்தச் சிக்கலை மார்க் வில்லியம்ஸ் ‘அயர்லண்ட்ஸ் இம்மார்டல்ஸ்’ (2016) நூலில் அழகாக அவிழ்க்கிறார்.

ஐந்தாம் படி: இட்டுக்கட்டியதைக் கண்டுபிடிப்பது

இங்கே ஒருவரைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். எட்வர்ட் வில்லியம்ஸ் என்ற வேல்ஸ் கல்தச்சர், 1747இல் பிறந்தவர். புனைபெயர் இயோலோ மோர்கானுக். பழைய வெல்ஷ் சுவடிகளில் அபாரப் புலமை. கூடவே அபினிச் சாராயப் பழக்கமும். சேகரித்த சுவடிகளோடு தானே எழுதியவற்றையும் கலந்து, எல்லாம் பண்டைய பாணர்களுடையவை என்று வெளியிட்டார். 1792இல் லண்டன் பிரிம்ரோஸ் குன்றில் கற்களை வட்டமாக வைத்து ‘கோர்செத்’ என்ற பாணர் சபையைக் கூட்டினார். அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் 1862இல், அவருடைய தாள்களிலிருந்து ‘பார்தாஸ்’ என்ற நூல் வந்தது. ட்ரூயிட்களின் இறையியல் என்று இன்றும் மறுபதிப்பாகிறது. பெரும்பாலும் அவர் சொந்தச் சரக்கு என்பதை இருபதாம் நூற்றாண்டில்தான் வெல்ஷ் அறிஞர்கள் நிறுவினார்கள்.

அதற்காகத் தூக்கி எறிய வேண்டுமா? அங்கேதான் வேடிக்கை. வேல்ஸின் தேசிய ஐஸ்டெத்வோத் விழாவில் இன்றும் நடப்பது இயோலோவின் சடங்கு. 1946இல் இளவரசி எலிசபெத்தையும், 2002இல் பேராயர் ரோவன் வில்லியம்ஸையும் அந்தச் சபையில் சேர்த்துக்கொண்டார்கள். (அது இலக்கிய, பண்பாட்டுச் சபை, மதம் கிடையாது.) இன்றைய ட்ரூயிட்கள் கூடிச் சொல்லும் பிரார்த்தனையும், மூன்று கதிர் அடையாளமும் அவர் கைவண்ணமே. பார்தாஸைப் பதினெட்டாம் நூற்றாண்டுக் கவிஞர் ஒருவரின் கற்பனையாகப் படித்தால் நல்ல புத்தகம். பண்டைய ஆவணமாகப் படித்தால் ஏமாற்று. அட்டையில் எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

மற்றபடி, மாதிரிப் பக்கங்களைப் புரட்டும்போது இவற்றில் ஒன்று கண்ணில் பட்டால் உஷாராகிவிடுங்கள்:

ஸ்டோன்ஹெஞ்சை ட்ரூயிட்கள் கட்டினார்கள். பெரிய கற்கள் நிறுத்தப்பட்டது ஏறத்தாழ கி.மு. 2500இல், ட்ரூயிட்கள் பற்றிய முதல் எழுத்துச் செய்திக்கு ஈராயிரம் ஆண்டுக்கு மேல் முந்தியது. 1740இல் வில்லியம் ஸ்டக்லி புத்தகம் போட்டுப் பரப்பிய கருத்து இது.

பதின்மூன்று மரங்களின் கெல்டிக் ராசி மண்டலம். கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ் 1948இல் ‘தி ஒயிட் காடஸ்’ நூலில் உருவாக்கிய மர நாள்காட்டியிலிருந்து முளைத்தது. அந்த மரப் பட்டியலுக்கு அடிப்படையான ஓகம் என்ற பழைய அயர்லாந்து எழுத்து உண்மையானது. ஆனால் கல்லில் கிடைப்பவை பெரும்பாலும் ஆட்களின் பெயர்கள்.

சூனியக்காரிகள் என்று தொண்ணூறு லட்சம் பெண்களை எரித்தார்கள். ஐரோப்பாவில் அப்படிக் கொல்லப்பட்டவர்கள் நாற்பதாயிரம் முதல் அறுபதாயிரம் வரை என்பதே ஆய்வாளர்களின் மதிப்பீடு. அதுவே போதுமான கொடுமை.

பண்டைய அயர்லாந்தின் உருளைக்கிழங்குச் சடங்கு. சிரிக்காதீர்கள், அச்சில் வந்திருக்கிறது. தென்னமெரிக்காவிலிருந்து உருளைக்கிழங்கு ஐரோப்பாவுக்கு வந்ததே பதினாறாம் நூற்றாண்டில். சங்க காலத்தில் பச்சை மிளகாய்ச் சட்னி அரைத்தார்கள் என்பது போல.

‘என் பாட்டி வழியாக ரகசியமாக வந்த இரண்டாயிரம் ஆண்டு மரபு’ என்று முன்னுரையிலேயே தொடங்கினால், நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போய் ஆதார நூல் பட்டியலைப் பாருங்கள். பட்டியல் இல்லை என்றால் வைத்துவிடலாம்.

ஆறாம் படி: கடைப்பிடிப்பவர்கள் எழுதியவை

இன்றைய ட்ரூயிட் நெறி புதியது. அதை ஒளிக்காமல் சொல்லும் ஆசிரியரை நம்பலாம் என்பது என் கணக்கு. 1964இல் ராஸ் நிக்கல்ஸ் இங்கிலாந்தில் பாணர், ஓவேட் (குறிசொல்பவர்), ட்ரூயிட் ஆகியோரின் சபையைத் தொடங்கினார், சுருக்கமாக ‘ஓபாட்’. அமெரிக்காவில் அதற்கு ஒரு வருடம் முன்பே, மினசோட்டாவின் கார்ல்டன் கல்லூரி மாணவர்கள், கட்டாயப் பிரார்த்தனைக் கூட்டத்தை எதிர்த்துக் கிண்டலாக ஒரு ட்ரூயிட் சபை ஆரம்பித்தார்கள். கட்டாயம் நீங்கிய பிறகும் சிலர் விடாமல் தொடர்ந்தார்கள். 2010இல் ‘தி ட்ரூயிட் நெட்வொர்க்’ அமைப்பை மத அறக்கட்டளையாக இங்கிலாந்து, வேல்ஸ் அறக்கட்டளை ஆணையம் ஏற்றுக்கொண்டது.

நம்பிக்கைகள் என்ன என்று மட்டும் தெரிய வேண்டுமா? 1988 முதல் 2020 வரை ஓபாடை நடத்திய ஃபிலிப் கார்-காம் எழுதிய ‘வாட் டூ ட்ரூயிட்ஸ் பிலீவ்?’ (2006). சின்னது, பிரசங்கம் இல்லை.

ஊரில் தனி ஆளாக இருந்து செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஜோனா வான்டர் ஹூவன் எழுதிய ‘தி அவென் அலோன்’ (2014). கூட்டம், குரு எதுவும் இல்லாதவர்களை மனதில் வைத்தே எழுதியது. மெல்லிய புத்தகம், ஆழம் போதவில்லை என்று தோன்றினால் பென்னி பில்லிங்டனின் ‘தி பாத் ஆஃப் ட்ரூயிட்ரி’ (2011), அத்தியாயத்துக்கு அத்தியாயம் பயிற்சி கொடுக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜான் மைக்கேல் கிரீரின் ‘தி ட்ரூயிட்ரி ஹேண்ட்புக்’ (2006). இயோலோ போன்றவர்கள் இட்டுக்கட்டினார்கள் என்பதை நேராக ஒப்புக்கொண்டு, அதனால் என்ன, பயன் இருக்கிறதா என்று பார்ப்போம் என்கிறார். நீங்கள் வாழும் ஊரின் மரம், பறவை, மண் பற்றிப் படியுங்கள், வாராவாரம் வெளியே போய் உட்கார்ந்து கவனியுங்கள் என்பது அவர் பயிற்சியில் முக்கிய அங்கம். மதுரையில் இருப்பவர் ஓக் மரத்தைப் பற்றி உருகிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்று இதற்கு அர்த்தம். சு. தியடோர் பாஸ்கரனின் இயற்கை பற்றிய கட்டுரைகள் இந்த இடத்தில் ட்ரூயிட் பாடப் புத்தகமாகவே உதவும்.

இதோடு சேர்ந்த ஒரு நடைமுறைச் சிக்கல், எட்டுப் பண்டிகைச் சக்கரம். சாவின், இம்போல்க், பெல்டேன், லூனசா என்ற நான்கு அயர்லாந்துப் பருவ நாட்களும், சூரியனின் நான்கு திருப்பு நாட்களும் சேர்ந்தது. எட்டும் ஒரே சக்கரமாக இணைந்தது 1950களில்தான். நவம்பரில் இலை உதிர்ந்து நிலம் உறங்குகிறது என்று புத்தகம் சொல்லும். நமக்கோ அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை பெய்து எல்லாம் பச்சையாகும். ஆஸ்திரேலிய ட்ரூயிட்கள் சக்கரத்தை ஆறு மாதம் திருப்பி வைத்துக்கொள்கிறார்கள். நமக்கு அதுவும் பொருந்தாது. புத்தகத்தின் தேதியை விட்டுவிட்டு, நம் மழை, அறுவடை, வெயில் இவற்றைக் குறித்துக்கொண்டு ஓராண்டு படித்துப் பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு பயிற்சிப் புத்தகம் போதும். நான்கை ஒன்றாக வைத்துக்கொண்டால் எதிலும் மூன்றாம் அத்தியாயம் தாண்ட மாட்டீர்கள்.

ஏழாம் படி: பக்கத்துப் பாதைகள்

கிறிஸ்தவத்துக்கு முந்திய ஐரோப்பிய வழிபாடுகளை மீட்க முயலும் நெறிகளைப் பேகன் நெறிகள் என்கிறார்கள். அவற்றில் ட்ரூயிட் நெறியும் ஒன்று, அவ்வளவுதான். அதிகம் பேர் இருப்பது விக்கா என்ற நவீன சூனிய நெறியில். அதை உலகுக்கு அறிமுகப்படுத்திய ஜெரால்ட் கார்ட்னர் இளவயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். பிறகு போர்னியோ, மலாயா. 1936இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். சூனியச் சட்டம் 1951இல் நீங்கியதும், 1954இல் ‘விட்ச்கிராஃப்ட் டுடே’ வெளியிட்டார். ராஸ் நிக்கல்ஸ் இவருடைய நண்பர். அதனால்தான் இரண்டு நெறிகளிலும் ஒரே பண்டிகைகள். வரலாற்றுக்கு ஹட்டனின் ‘தி ட்ரையம்ஃப் ஆஃப் தி மூன்’ (1999), செய்முறைக்கு டோரீன் வேலியன்டே அல்லது ஸ்காட் கன்னிங்ஹாம். கன்னிங்ஹாமின் 1988 புத்தகம் தனியாள்களுக்கு எளிது. அமெரிக்க பேகன்கள் எல்லோரையும் ஒரே இடத்தில் பார்க்க, பத்திரிகையாளர் மார்கோ ஆட்லரின் ‘டிராயிங் டவுன் தி மூன்’. 1979இல் வந்தது, 2006 பதிப்பைத் தேடுங்கள்.

வட ஐரோப்பிய நெறியில் மூல நூல்களே இருப்பது வசதி: எட்டா எனப்படும் பழைய ஐஸ்லாந்துப் புராண நூல்கள். கவிதை எட்டாவுக்கு கரோலின் லாரிங்டன், உரைநடை எட்டாவுக்கு ஆண்டனி ஃபால்க்ஸ். ஐஸ்லாந்தில் 1973 முதல் இது அரசு அங்கீகரித்த மதம். ஆனால் இந்த அலமாரியில்தான் இனவெறியும் ஒளிந்திருக்கிறது. இது ரத்த வழி வருவது, வெள்ளையருக்கு மட்டும் என்று ஒரு வரி வந்தாலும் புத்தகத்தை மூடுங்கள். பதினெட்டு ரூன்கள் (பழைய வட ஐரோப்பிய எழுத்துகள்) என்று தொடங்கினால், அது கீடோ ஃபான் லிஸ்ட் என்ற ஆஸ்திரிய இனவாதி 1908இல் வெளியிட்டது; பழைய வரிசையில் இருபத்து நான்கு. எழுத்தில்லாத வெற்று ரூன் 1980களின் சேர்க்கை.

எட்டாம் படி: வாங்குவது

இறக்குமதியாகும் அச்சுப் பிரதிகளுக்கு விலை அதிகம். முதலில் மின்னூலின் இலவச மாதிரியை இறக்கி, மேலே சொன்ன சோதனைகளைச் செய்யுங்கள். சீசர், பிளினி, டாசிட்டஸ், கெஸ்ட் சீமாட்டி எல்லாம் ப்ராஜெக்ட் குட்டன்பெர்க்கிலோ இன்டர்நெட் ஆர்க்கைவிலோ கிடைக்கும். காசு கொடுத்து வாங்காதீர்கள். அயர்லாந்துப் பழம் பிரதிகளை கார்க் பல்கலைக்கழகக் கல்லூரி ‘கெல்ட்’ என்ற தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது.

பதிப்பகமும் ஒரு குறிப்பு. ஆக்ஸ்ஃபோர்டு, யேல் என்றால் வரலாறு. லூவெலின், வைசர், மூன் புக்ஸ் என்றால் கடைப்பிடிப்பவர்களுக்கானது. அதில் தரம் ஆளுக்கு ஆள் மாறும். பதிப்பகமே இல்லாமல், ஒரே மாதத்தில் ட்ரூயிட், ரூன், டாரோ, எடை குறைப்பு என்று பத்துத் தலைப்பு வெளியிட்டிருக்கும் ஆசிரியர் பெயர் வந்தால், அப்படி ஓர் ஆள் இருக்கிறாரா என்றே சந்தேகப்படலாம். இப்போது அந்த மாதிரி இயந்திரச் சரக்கு நிறைய வருகிறது. ஆசிரியர் பெயரைத் தனியாகத் தேடுங்கள்: பேட்டி, உரை, ஏதாவது ஒரு சபை என்று எங்கேயாவது தடம் இருக்க வேண்டும்.

குறைந்த செலவில் தொடங்க என் பட்டியல் இது: கன்லிஃப், இலவச சீசர், கெஸ்டின் தலியெசின் கதை, அப்புறம் கிரீர் அல்லது வான்டர் ஹூவன். காசு கொடுத்து வாங்க வேண்டியது இரண்டே இரண்டு. ஹட்டனின் தடித்த புத்தகத்தை, இவை முடிந்த பிறகும் ஆர்வம் குறையாமல் இருந்தால் வாங்கிக்கொள்ளலாம்.